மேசை மேல் ஒரு விபத்து

1824இல் பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் முஃப்லிங்கிடம் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி ஒரு விளையாட்டைக் காட்டினார். மேசை மேல் பெரிய வரைபடம். அதன்மேல் படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகள். இரண்டு அணிகள், ஒரு நடுவர். அணிகள் கொடுக்கும் கட்டளையை நடுவர் வாங்கி, பகடை உருட்டி, யாருக்கு என்ன சேதம் என்று சொல்வார். வேண்டாவெறுப்பாகப் பார்க்கத் தொடங்கிய முஃப்லிங், ஆட்டம் சூடுபிடித்ததும், இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று வியந்ததாக ஒரு கதை உண்டு. பாராட்டுதான். ஆனால் அதற்குள்ளேயே, விளையாட்டு என்றால் மட்டம், பயிற்சி என்றால் உசத்தி என்ற எண்ணமும் இருக்கிறது.

இதன் வேர் நம் பக்கம்தான். இங்கிருந்து போன சதுரங்கத்தை வைத்து 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். ரைஸ்விட்ஸின் தந்தையும் பிறகு மகனும் சதுரங்கக் கட்டங்களை விட்டு நிலப்பரப்புக்கும் வரைபடத்துக்கும் வந்தார்கள். அதன் பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொழுதுபோக்கு. 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி ஒரு போர் விளையாட்டில், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு வேடம் கொடுத்தார்: நீ நகரத் தலைவர், நீ வங்கிக்காரர் என்று. ஆட்டம் அவர் கையை மீறிப் போயிற்று. தோற்றுவிட்டோம் என்றே அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை வைக்கச் சொன்னார்கள். அந்த வழியில் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது.

இன்னொரு பாதை அலுவலகங்களுக்குப் போனது. பேரிடர் மேலாண்மைத் துறையினர் இன்று ‘டேபிள்டாப் எக்சர்சைஸ்’ என்று சொல்வது அதைத்தான். வருவாய்த் துறை, தீயணைப்பு, போலீஸ், ஆலை அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நடத்துபவர் நிலைமையைச் சொல்வார்: அம்மோனியா கசிகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் வந்ததும் அடுத்த செய்தியைப் போடுவார்: காற்று திசை மாறிவிட்டது. இப்போது?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1984 போபாலுக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின்படி, ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆலைக்கு வெளியே உள்ள பகுதிக்கான திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் ஒத்திகை நடக்க வேண்டும். அப்படி ஒன்றை எங்கள் பக்கம் ஓர் ஆலையில் பார்த்தேன். பதினொரு மணிக்குச் சைரன் அடிக்கும் என்று காலையிலேயே எல்லாருக்கும் தெரியும். ‘மயங்கி விழ’ வேண்டியவர் நிழலாகப் பார்த்து விழுந்தார். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கேட்டருகே நின்றது. “அவ்ளோதாம்பா, போட்டோ எடுத்தாச்சு, டீ குடிக்கலாம்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

இது விளையாட்டா? இல்லை என்றுதான் தோன்றியது. அது பயிற்சி என்பதால் அல்ல.

வேடம் மட்டும் ஒன்றை விளையாட்டாக்காது. சொப்பு வைத்து விளையாடும் பிள்ளைகள் அம்மாவாகவும் கடைக்காரராகவும் ஆகிறார்கள். அங்கே தோற்க எதுவும் இல்லை. ராஜா ராணிச் சீட்டில் திருடனும் போலீஸும் உண்டு. ஆனால் திருடன் திருட வேண்டியதில்லை, முகத்தைக் காட்டிக் கொடுக்காமல் இருந்தால் போதும். பகடையும் அவசியமில்லை: 1876இலேயே வெர்டி து வெர்னுவா பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கி, நடுவரின் அனுபவமே போதும் என்றார். ஜெயிக்கிறவர் வேண்டும் என்றால், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் யாரும் ஜெயிப்பதில்லை. தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் 1978இல், தேவையில்லாத தடைகளைத் தாமாக ஏற்றுத் தாண்ட முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். நல்ல வரையறைதான். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். ஆடுபவர் எடுக்கும் முடிவால் கதை மாற வேண்டும். அது எங்கே போகும் என்று நடத்துபவருக்கும் முழுதாகத் தெரியக் கூடாது. வெஸ்லியின் கையை மீறிய அந்த இடத்தில்தான் விளையாட்டு பிறந்தது. பதினொரு மணிச் சைரனில் மீற எதுவும் இல்லை. தெருக்கூத்தில்கூடக் கட்டியங்காரன் நடுவே புகுந்து எதையாவது மாற்றிப் பேசுவான்.

மேசையில் தோற்றால் யாருக்கும் மூச்சு முட்டாது என்பதுதான் இதன் பெரிய வசதி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு இல்லை என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு எர்ணாவூர்ப் பாறைகளில் திரண்ட எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 நவம்பரில் குஜராத்தின் வாடினார் கடலில் தேசிய எண்ணெய்க் கசிவு ஒத்திகை நடந்தது. அடுத்த சில நாட்களில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மறுபடியும் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். அதே டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமலே ஓடினார்கள்.

அந்த மேசையில் குப்பத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்? “ராத்திரி ரெண்டு மணிக்குன்னா யார் வந்து எழுப்புவா? காத்து ஊர்ப் பக்கம் அடிச்சா எந்த ரோட்டுல போறது? அந்த ரோட்டுல கன்டெய்னர் லாரி நிக்குமே?” என்று கேட்டிருப்பார். மூன்று கேள்வியில் எழுதிவைத்த திட்டம் கலைந்திருக்கும். கலைந்திருந்தால் அதுதான் வெற்றி.

“எங்க உயிரு உங்களுக்கு வெளையாட்டா போச்சா?” என்று அதிகாரிகளைக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கம். கோபம் நியாயமானது. ஆனால் எனக்கு உள்ள குறை நேர் எதிரானது: அவர்கள் இதுவரை சரியாக விளையாடவே இல்லை. ஆண்டுக்கொரு ஒத்திகை எப்படியும் நடத்தியாக வேண்டும். அதில் குப்பத்துக்கு இரண்டு நாற்காலி போடட்டும். நேரத்தை முன்கூட்டிச் சொல்லாமல் இருக்கட்டும்.