வீட்டிலிருந்து வேலை: உற்பத்தித்திறன் பற்றிய சென்னைச் சோதனை

வீட்டிலிருந்து வேலை செய்பவரின் உற்பத்தித்திறன் அலுவலகத்தில் இருப்பவருக்கு இணையாக இருக்குமா என்ற கேள்வி சென்னையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. டேவிட் அட்கின், ஆன்டொனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூன்று ஆய்வாளர்களும் டேட்டா என்ட்ரி வேலைக்கு இங்கு ஆட்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் அமர்த்தினர். 2023இல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தோரின் உற்பத்தித்திறன் 18 விழுக்காடு குறைவு. இந்தக் குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தோர் வேலையை விரைவாகக் கற்றுத் தேர்ந்ததால் மீதி நாளடைவில் சேர்ந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்வதை விரும்பியவர்களுக்கே வீட்டில் இழப்பு அதிகம் என்பதுதான் ஆய்வின் வியப்பான பகுதி. அவர்களது திறன் வீட்டில் 27 விழுக்காடு குறைந்தது. அலுவலகத்தை விரும்பியவர்களுக்கோ 13 விழுக்காடுதான். இதைச் சோம்பல் என்று முடிவுகட்டுவது மேலாளர்களுக்கு வசதி. ஆனால் குழந்தை உள்ளவர்கள், வீட்டில் பிறரைக் கவனிக்கும் பொறுப்புள்ளவர்கள், ஏழைக் குடும்பத்தினர் ஆகியோரின் நிலை இந்தப் போக்கை ஓரளவு விளக்குவதாக அதே ஆய்வு காட்டுகிறது. வெளியே போகவிடாத பொறுப்பு, வீட்டில் உட்கார்ந்தால் வேலை நேரத்திலும் குறுக்கே வருகிறது.

ஷாங்காயில் சிட்ரிப் பயண நிறுவனத்தின் கால் சென்டரில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்திய சோதனை நேர்மாறான முடிவைத் தந்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வில் வீட்டில் இருந்தோரின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால் அதில் சேர வீட்டில் தனி அறையும் பிராட்பேண்டும் இருந்தாக வேண்டும். ஆறு மாத அனுபவமும் வேண்டும். சென்னை ராயப்பேட்டைச் சந்துகளின் ஒண்டுக் குடித்தனங்களில் அந்தத் தனி அறைக்கு எங்கே போவது? அங்கு சமையலும் டிவியும் பிள்ளைகளின் பாடமும் ஒரே கூடத்தில்தான். இரு முடிவுகளுக்கும் இடையே தோன்றும் முரணில் பெரும்பகுதி இந்த நிபந்தனைகளின் வேறுபாட்டால் வந்ததே என்று கொள்வது பொருந்தும்.

டேட்டா என்ட்ரியைத் தனியாளாகச் செய்யலாம்; மென்பொருள் வேலை அப்படியல்ல. ஆசியாவின் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றின் 10,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொரோனா காலத்தில் ஆராய்ந்தபோது, வேலை நேரம் கூடியும் முடித்த வேலையின் அளவு சற்றே குறைந்தது. உற்பத்தித்திறன் 8 முதல் 19 விழுக்காடு வரை சரிந்தது. மீட்டிங்குகள் பெருகி, இடையூறின்றி உழைக்கும் நேரம் சுருங்கியதே முக்கியக் காரணம்.

இந்தக் கணக்குகளில் பயண நேரம் சேர்வதில்லை. ராயப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்குப் போய்வருபவர் நாள்தோறும் சாலையில் இழக்கும் நேரம் நிறுவனத்தின் செலவு அல்ல, ஊழியரின் செலவு. ஆகவே 18 விழுக்காடு என்பது முதலாளி தரப்புக் கணக்கு மட்டுமே.

புதிதாகச் சேர்ந்தவரைத் தொடக்க மாதங்களில் அலுவலகத்தில் வைத்துப் பழக்குவதற்குச் சென்னைச் சோதனை வலுவான ஆதாரம். வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்பவர்களுக்கு மறுப்பைவிட குழந்தைக் காப்பகமே பயனுள்ள பதில். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், விடுப்புக்குப் பின் தாய் வீட்டிலிருந்து வேலை செய்ய இருதரப்பு ஒப்புதலோடு வழிவிட்டது, காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஆனால் 50 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.