எல் தெனியென்தே செப்புச் சுரங்கம்

சிலி நாட்டின் ரன்காகுவா நகருக்குக் கிழக்கே, ஆண்டிஸ் மலைக்குள் இருக்கும் எல் தெனியென்தே உலகின் மிகப்பெரிய நிலத்தடிச் செப்புச் சுரங்கம். அரசு நிறுவனமான கோடெல்கோ இதை நடத்துகிறது. இதன் சுரங்கப்பாதைகளின் மொத்த நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல்.

இங்கே 100 கிலோ தாதுவில் ஒரு கிலோ செம்பு தேறுவதே அரிது. அவ்வளவு பாறையையும் வெடிவைத்து உடைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் உடைக்கும் வேலையை மலையின் எடையிடமே விட்டுவிடுகிறார்கள். தாதுத் திரளின் அடியை மட்டும் வெடிவைத்து அறுத்ததும், பிடிமானம் இழந்த பாறை தானே விரிசல்விட்டு நொறுங்கி இறங்குகிறது. அதற்கும் கீழே காங்கிரீட்டால் வலுப்படுத்திய புனல் வாய்களில் வந்து விழுவதை லோடர் வண்டிகள் அள்ளிக் குழிகளில் கொட்டும். அடிமட்டத்து ரயில் ஆலைக்குக் கொண்டுபோகும். அங்கே அரைத்து, நுரைமிதப்பு முறையில் செறிவாக்கி, உருக்குகிறார்கள்.

எந்த வாயில் எவ்வளவு அள்ளுவது என்பதில்தான் சுரங்கத்தாரின் திறமை இருக்கிறது. ஓரிடத்தில் மிகுதியாக அள்ளினால் மேலிருக்கும் வெற்றுப்பாறை கலந்துவிடும். அள்ளாமல் விட்டாலோ பாரம் அங்கே ஏறிக் கீழ்ப்பாதைகளை நசுக்கும்.

தாதுவை உடைத்துத் தரும் அதே எடைதான் ஆளையும் கொல்லும். ஆழம் கூடக்கூட இறுக்கம் கூடி, கடினமான பாறை சட்டென வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். இதைத் தணிக்க, துளைகளின் வழியே உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி முன்கூட்டியே பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். அதிர்வுகளைக் கருவிகள் ஓயாமல் பதிவுசெய்கின்றன.

அமெரிக்கரான வில்லியம் பிரேடனின் நிறுவனம் 1905 வாக்கில் பெரிய அளவில் வேலையைத் தொடங்கியது. தொழிலாளர்களுக்காக மலைச்சரிவில் எழுந்த செவெல் நகரில் தெருக்களுக்குப் பதில் படிக்கட்டுகள். 2006 இல் அது யுனெஸ்கோ உலக மரபுக்களம் ஆனது. சுரங்கம் 1971 இல் நாட்டுடைமையானது.

1945 ஜூன் 19 அன்று சுரங்க வாயிலருகே பற்றிய தீயின் புகை காற்றோட்டத்தோடு உள்ளே போயிற்று. கார்பன் மோனாக்சைடு நச்சில் 355 பேர் இறந்தார்கள். பாறை விழுந்து அல்ல, மூச்சுக்கென்று வந்த காற்றிலேயே அவர்கள் மடிந்தார்கள் என்பது இன்றும் மனதை உலுக்குகிறது. சிலியின் சுரங்கப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இதன்பிறகே இறுகின.

2025 ஜூலை 31 இல் 4.2 அளவிலான அதிர்வு ஏற்பட்டு, ஆண்டெசிட்டா என்னும் புதிய பகுதி இடிந்ததில் ஆறு தொழிலாளர்கள் பலியானார்கள். வேலை முழுவதும் நிறுத்தப்பட்டு, பாதிப்பில்லாத பகுதிகளில் மட்டும் ஆகஸ்டில் படிப்படியாகத் தொடங்கியது.