நிலைத்த பீரங்கியும் நடந்த பீரங்கியும்

'கோத்தா' என்னும் மலாய்ச் சொல் நம் 'கோட்டை'க்கு உறவானது. கோத்தா திங்கி என்றால் உயர்ந்த கோட்டை. ஜொகூர் ஆற்றங்கரையில் தழைத்திருந்த ஜொகூர் லாமாக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1587இல் அழித்தனர். அவ்வாறு கடலொடு கலக்கும் முகத்தில், இதே மாவட்டத்துப் பெங்கெராங்கில், ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து ஆங்கிலேயர் வேறொரு கோட்டை எழுப்பினர். அதற்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. குன்றின்மேல் கான்கிரீட் மேடைகள். அவற்றில் 6 அங்குலப் பீரங்கிகள் இரண்டு.

சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திற்குச் செல்லும் கிழக்கு வாயிலைக் காப்பதே அவற்றின் பணி. எதிர்க்கரையில், சாங்கியில், 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று நின்றன. 1935இல் சுல்தான் இப்ராகிம் சிங்கப்பூர்ப் பாதுகாப்புக்கென 5,00,000 பவுன் வழங்கியதை முன்னிட்டு அவை 'ஜொகூர்' என்றே பெயர் பெற்றன. அவற்றின் ஒரு குண்டு ஏறத்தாழ 880 கிலோ எடை; 30 கி.மீ.க்கு அப்பாலும் சென்று விழும்.

பகைவனோ கடல்வழியாகச் சிங்கப்பூருக்கு வரவில்லை. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் தரைவழியே தெற்கு நோக்கிப் பெருகினர். 1942 ஜனவரி 31இல், கடைசிப் படைகள் கடந்தபின், ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

பீரங்கிகள் கடலை நோக்கியே நின்றன, திருப்ப இயலவில்லை என்று இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுவதுண்டு. அது கட்டுக்கதை. சாங்கிப் பீரங்கிகள் உட்பட பல பீரங்கிகள் நிலத்தை நோக்கித் திரும்பிச் சுடவே செய்தன. குறை குண்டில் இருந்தது. 15 அங்குலப் பீரங்கிகளுக்கு வைத்திருந்தவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். மென்மண்ணில் அவை ஆழப் புதைந்தனவேயன்றிக் காலாட்படையைச் சிதறடிக்கவில்லை. மற்றொரு குறை அதனினும் பெரிது: போர் நகர்ந்தது, பீரங்கி நகரவில்லை.

அவ்வாண்டிலேயே அமெரிக்கர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றனர். முதல் உலகப்போர்க் காலத்துப் பிரெஞ்சு வடிவமைப்பிலான 155 மி.மீ. பீரங்கியை எடுத்து, டாங்கியின் சங்கிலிச் சக்கர உடலின்மேல் ஏற்றினர். எம்-12 என்னும் பெயரில் 1942-43இல் செய்யப்பட்டவை 100 மட்டுமே. இழுத்துச் செல்ல லாரி வேண்டா. பின்புறத்து இரும்பு மண்வெட்டியைத் தரையில் ஊன்றினால் அதுவே மேடை. சுட்டு முடித்ததும் எடுத்துக்கொண்டு புறப்படலாம். ஆயினும் 10 குண்டுகளையே தன்னுடன் சுமக்கும் வலு அதற்கிருந்தது. ஆகவே குண்டு சுமக்க எம்-30 என்னும் துணை வண்டி உடன் சென்றது! 1944இல் ஐரோப்பாவில் கான்கிரீட் அரண்களை அருகிருந்தே உடைக்க அது பயன்பட்டது. கான்கிரீட்டில் நிலைத்த பீரங்கியை நம்பியவர் கதை நமக்குத் தெரியும். இங்கே நடந்துசென்ற பீரங்கி கான்கிரீட்டை உடைத்தது.

1945இல் எம்-40 வந்தது; கொரியப் போரிலும் அது சுட்டது. 1960களில் வந்த எம்-107, 175 மி.மீ. குழாயுடன் 32 கி.மீ. தொலைவை எட்டியது. சாங்கியில் அசையாது நின்ற பீரங்கியின் எட்டுந்தொலைவு இப்போது சங்கிலிச் சக்கரத்தின்மேல் ஏறி வியட்நாமில் ஊர்ந்தது. குண்டின் எடைதான் 67 கிலோ. 880 எங்கே, 67 எங்கே? குழாய் விரைவில் தேய்ந்தது, குறியும் துல்லியமில்லை, இயக்குபவருக்குக் கூரையும் இல்லை. 1970களின் இறுதியில் அமெரிக்கப் படை அதைக் கைவிட்டு, அவ்வண்டிகளிலேயே 203 மி.மீ. குழாயைப் பொருத்திக்கொண்டது.

பெங்கெராங் வீழ்ச்சியின் விலையைப் பெரிதும் கொடுத்தவர் பீரங்கிக்காரர் அல்லர். மலாயாத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது அவர்களுள் திரும்பாதோர் மிகப் பலர். பெங்கெராங் குன்றில் அந்தக் கான்கிரீட் மேடைகள் இன்றும் கிடக்கின்றன. அண்மையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓங்கி நிற்கின்றது.