வேலி ஏறாத ஊர்: லாக்ஸ்டன்

ஆங்கிலேயக் கிராமம் என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது, பச்சை வயல்களும் அவற்றைக் கட்டங்கட்டமாகப் பிரிக்கும் புதர்வேலிகளும்தான். அவ்வேலிகளில் பல, சட்டத்தின் பெயரால் நடப்பட்டவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் கொண்டுவந்தன. ஏழைகள் மேய்ச்சலையும் விறகையும் இழந்தனர். 1809இல் தம் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கும் அச்சட்டம் வந்ததைக் கண்ட உழவுத்தொழிலாளிக் கவிஞர் ஜான் கிளேர், அந்த இழப்பைத் தம் கவிதைகளில் சுமந்தார்.

நாட்டிங்காம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் இதிலிருந்து தப்பிய ஊர். பழைய தேவாலயமும், நார்மானியர் கோட்டை நின்ற மண்மேடும் அங்குண்டு. எனினும் அதன் உண்மையான தொன்மை வயல்களில் இருக்கிறது. மூன்று பெருவயல்கள், அவற்றுள் வேலியின்றி நீளும் துண்டுநிலங்கள். ஒவ்வோர் உழவருக்கும் மூன்றிலும் பங்குண்டு. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். நிலம் சிதறிக் கிடப்பதால் பண்ணைவீடுகள் வயல் நடுவே தனித்து நிற்காமல் ஊர்த்தெருவிலேயே நிற்கின்றன. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலவரைபடம் இவ்வமைப்பைத் துண்டு துண்டாகக் காட்டுகிறது.

நவம்பர் இறுதியில், ஊரார் கூடிய ஜூரி கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருகிறது. எல்லை மங்கிய இடங்களில் முளை அடிக்கிறார்கள். பொதுப்பாதையில் ஏர் ஓட்டியவர் பெயரைக் குறிக்கிறார்கள். அடுத்த வாரம் 'கோர்ட் லீட்' எனும் ஊர்மன்றம், டவ்கோட் மதுவிடுதியில் கூடி அபராதம் விதிக்கிறது. உழுபவர்களே உழுபவர்களை விசாரிக்கும் மன்றம் அது.

லாக்ஸ்டன் ஏன் தப்பியது? அங்கு நிலம் வைத்திருந்த இரு பெரும் பிரபுக் குடும்பங்கள் தமக்குள் உடன்படாமையே முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. பிரபுக்களின் பிணக்கு வேலியைத் தடுத்தது. உழவர்களின் ஆண்டுதோறுமான இணக்கம் வயலைக் காத்தது.

1952இல் அரசு இவ்வூர் நிலத்தை வாங்கியது. 1981இல் அது கிரவுன் எஸ்டேட்டிடம் சென்றது. 2020இல் பழைய பிரபுக் குடும்பமொன்றின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டின் கைக்கே திரும்பியது. உடைமையாளர் மாறலாம். ஆனால் பனிக்காலக் காலையில் முளைக்குச்சிகளோடு புறப்பட ஆளில்லாத நாளில், எந்தப் பத்திரமும் அவ்வயல்களைக் காக்காது. மரபு என்பது கட்டடமல்ல, தொடர்ந்து செய்யப்படும் ஒரு வேலை என்பதையே லாக்ஸ்டன் நமக்குச் சொல்கிறது.