தட்டு எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்

1994ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெர்பி நகரில், ஒரு ஹோட்டலில் விருந்து நடந்தது. நடத்தியது ரவுண்ட் டேபிள் என்னும் ஆண்கள் சங்கம். விருந்தில் பேச அழைக்கப்பட்டிருந்தவர் அன்றைய பிரபல நகைச்சுவையாளர் பெர்னார்ட் மேனிங். மேசைகளிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் இருவர் கறுப்பின இளம்பெண்கள். மேனிங்கின் கண்ணில் அவர்கள் பட்டார்கள். அவர்களுடைய நிறத்தையும் உடலையும் சேர்த்து அவர் ஆபாசமாகப் பேசினார். விருந்தினர்கள் சிலரும் தங்கள் பங்குக்குத் தொடங்கினார்கள்.

பிரிட்டிஷ் ஸ்டாண்ட் அப் காமெடியின் வரலாறு பெரும்பாலும் மேடையில் நின்றவர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. கூடத்தில் சம்பளத்துக்கு நின்றவர்கள் அதில் வருவதில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்பார்கள். தட்டைக் கையில் வைத்திருப்பவள் எங்கே போவது?

மேனிங் மான்செஸ்டர்காரர். 1959 முதல் சொந்தமாக ஒரு கிளப் நடத்தியவர். வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் கிளப்களில் புழங்கிய பாகிஸ்தானியர், ஐரிஷ்காரர், மாமியார் பற்றிய துணுக்குகளை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது, 1971இல் கிரனாடா தொலைக்காட்சி தொடங்கிய ‘தி காமெடியன்ஸ்’. குடியேறியவர்களுக்கு எதிராக ஈனாக் பவல் பர்மிங்காமில் பேசி மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தத் தொழிலாளர் கிளப்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சம உறுப்பினர் உரிமை தந்தது 2007இல்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அதே நிகழ்ச்சியில் சார்லி வில்லியம்ஸும் இருந்தார். யார்க்ஷயரில் பிறந்த கறுப்பினத்தவர். நிலக்கரிச் சுரங்கத்திலும் கால்பந்து மைதானத்திலும் உழைத்துவிட்டு மேடைக்கு வந்தவர். பார்வையாளர் யாராவது சீண்டினால், உன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிடுவேன் என்று மிரட்டுவார். கூட்டம் விழுந்து சிரிக்கும். வெள்ளையருக்கு வளைந்துகொடுத்தவர் என்று பின்னாளில் அவரைக் குறை சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்தவன் கேலி செய்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது பிழைக்கும் வழிகளில் ஒன்று. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அது தெரியும். ஆனால் அந்த வழிக்கு ஒலிவாங்கி கையில் இருக்க வேண்டும்.

1979இல் லண்டன் சோஹோவில் ‘காமெடி ஸ்டோர்’ திறக்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்த மாற்று நகைச்சுவைக்காரர்கள், இனவெறியும் பெண் இழிவும் இல்லாத நகைச்சுவை என்று அறிவித்துக்கொண்டார்கள். உண்மையான மாற்றம்தான், மறுக்கவில்லை. அந்த மேடை ஓர் ஆடை அவிழ்ப்பு நடனக் கிளப்புக்கு மேல்மாடியில் இருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. புது நகைச்சுவை வந்ததும் மேனிங் காணாமல் போய்விடவில்லை. தொலைக்காட்சி கைவிட்டாலும் ஆண்களின் விருந்துகள் அவரைக் கைவிடவில்லை.

டெர்பி பெண்கள் தங்கள் முதலாளியான ஹோட்டல் நிறுவனத்தின்மீது, 1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டப்படி வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் துன்புறுத்தப்பட்டது உண்மை, ஆனால் ஹோட்டல் அதற்குப் பொறுப்பல்ல என்றது முதல் தீர்ப்பாயம். 1996இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை மாற்றியது. பேச வருபவர் யார் என்று தெரிந்திருக்கும்போது, நிலைமை மோசமானால் பெண்களை வெளியே அழைத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் தன் உதவியாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றது. நகைச்சுவை நல்லதா, கருத்துரிமை எதுவரை என்ற விவாதத்துக்குள் அது போகவில்லை. வேலையில் இருந்தவர்களை யார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டது. நகைச்சுவை பற்றி நான் படித்த விமர்சனங்களில் இவ்வளவு நேரான கேள்வி அதிகமில்லை.

ஈராண்டு கழித்து, மீரா சியால் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்களின் ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’ வானொலியிலிருந்து பிபிசி தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் ஒரு காட்சி: குடித்துவிட்டு வரும் இந்தியக் கும்பல் பம்பாயில் ஓர் ஆங்கில உணவகத்துக்குப் போய், வெள்ளைக்காரப் பரிமாறுபவரைப் படாதபாடு படுத்துகிறது, இருப்பதிலேயே காரமில்லாத பதார்த்தம் எது என்று கேட்கிறது. இனம் தலைகீழானதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். தலைகீழாகாதது ஒன்றும் அதில் உண்டு. பரிமாறுபவர் சிரித்த முகத்தோடு நின்றே ஆக வேண்டும்.

சட்டம் அந்த ஆளை வெகுநாள் நினைவில் வைத்திருக்கவில்லை. டெர்பி தீர்ப்பு தவறானது என்று 2003இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் வேறொரு வழக்கில் சொன்னார்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் முதலாளியின் பொறுப்பை அரைகுறையாகத் திரும்பக் கொண்டுவந்தது: அந்த ஊழியர் குறைந்தது இரண்டு முறை வெளியாட்களால் துன்புறுத்தப்பட்டது முதலாளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது, மூன்றாம் முறை வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த விதியையும் 2013இல் நீக்கிவிட்டார்கள்.