அறுபதாவது விநாடிக்கு முன்னால்

பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்’ பாட்டில் ஓர் ஒட்டு இருப்பது ராக் ரசிகர்கள் பலரும் அறிந்த சங்கதி. பாட்டு தொடங்கி சரியாக ஒரு நிமிடம் ஆகும்போது ஒரு பதிவு நின்று இன்னொரு பதிவு தொடங்குகிறது. முதல் பதிவின் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருக்கின்றன, இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்றார் ஜான் லெனன். சுருதி வேறு, வேகம் வேறு. இருந்தும் 1966 டிசம்பர் 22 அன்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அதைச் செய்து முடித்தார்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. அந்த ஒட்டு பல்லவியின் நடுவில், ஒரு வரி பாதி பாடப்பட்ட நிலையில் விழுகிறது. சரணம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் வெட்டியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே. ஏன் அங்கே வெட்டவில்லை?

முதலில் கையில் எடுத்தது மார்க் லூயிசன் 1988இல் வெளியிட்ட ஒலிப்பதிவு வரலாறு. இ.எம்.ஐ. நாடாக்களையும் ஸ்டூடியோ ஆவணங்களையும் நேரில் பார்த்து, நாள்வாரியாக எழுதப்பட்ட நூல் அது. நவம்பர் 24இல் முதல் பதிவு. அந்த மாதக் கடைசியில் 7ஆம் எண் பதிவு தேறியது. மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியின் புல்லாங்குழல் ஒலியோடு தொடங்கும் மென்மையான வடிவம் அது. லெனனுக்கு அதில் நிறைவில்லை. டிசம்பர் 8இல் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்கள்; இம்முறை தாளம் முரட்டுத்தனமாகவும் வேகமாகவும் அமைந்தது. அந்த வடிவம் 26ஆம் எண்ணில் முடிந்தது. ஒட்டப்பட்டவை இந்த ஏழும் இருபத்தாறும்தான்.

காகிதத்தில் விடை இல்லை. காதால்தான் தேட வேண்டியிருந்தது. 2017இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொகுப்பின் ஐம்பதாண்டுப் பதிப்பில் இந்த இரண்டு பதிவுகளும் அதிகாரபூர்வமாகவே வெளிவந்திருந்தன. ஏழாம் பதிவையும் 1967இல் வந்த இசைத்தட்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டேன். மெல்லோட்ரான் ஒன்றுதான், பல்லவி ஒன்றுதான், முதல் சரணமும் ஒன்றுதான். அதன் பிறகு பாதை பிரிந்தது. ஏழாம் பதிவில் முதல் சரணம் முடிந்ததும் பல்லவியே இல்லை. நேராக இரண்டாம் சரணத்துக்குப் போய்விடுகிறார்கள்!

அப்படியானால் இசைத்தட்டில் அந்த இடத்தில், அறுபதாவது விநாடிக்குச் சற்று முன் கேட்கும் பல்லவியின் முதல் சில சொற்கள் எங்கிருந்து வந்தன? அதே ஏழாம் பதிவில் பின்னால் வரும் பல்லவியிலிருந்து. அந்தத் துண்டை வெட்டியெடுத்து முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆக, புகழ்பெற்ற ஒட்டுக்குச் சில விநாடிகள் முன்பே இன்னோர் ஒட்டு இருக்கிறது. என் கேள்விக்கு அதிலேயே விடையும் இருப்பதாக நினைக்கிறேன். பழகிய குரலும் பழகிய மெல்லோட்ரானும் கேட்பவரைப் பல்லவிக்குள் அழைத்துப்போய்விடுகின்றன. உள்ளே போன பிறகுதான் தரை மாறுகிறது. பல்லவியின் வாசலிலேயே வெட்டியிருந்தால் இரண்டாம் பதிவின் செல்லோக்கள் திடீரென்று வந்து இடித்திருக்கும்.

இரண்டாவது பதிவு வேகமானது, சுருதியும் உயர்ந்தது. நாடாவை மெதுவாக ஓட்டினால் வேகமும் சுருதியும் ஒருங்கே இறங்கும். அந்தப் பொருத்தம் வாய்த்திராவிட்டால் இந்தப் பாட்டே இப்படி இருந்திருக்காது. ஒரு நிமிடத்துக்குப் பிறகு லெனனின் குரல் கனத்து, தூக்கத்தில் பேசுவதுபோல் ஒலிப்பதும் அதனால்தான்.

வெட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். நாடா விநாடிக்கு 15 அங்குலம், அதாவது சுமார் 38 சென்டிமீட்டர் ஓடும். அகலம் கால் அங்குலம். வழக்கமான 45 பாகைச் சாய்வில் வெட்டினால் ஒட்டு ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். எனவே, வெட்டை மிக நீளமாகச் சாய்த்ததாக எமெரிக் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒன்று தேய, மற்றொன்று வளர, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கடக்கின்றன.

(இவ்வளவு உழைப்பில் உருவான தட்டு 1967 பிப்ரவரி 17 அன்று பிரிட்டனில் வெளிவந்து, ‘ரெக்கார்டு ரீட்டெய்லர்’ பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936இல் மெட்ராஸில் பிறந்தவர்!)

இரண்டாவது ஒட்டு கிடைத்த பிறகு லூயிசனின் பக்கங்களை மறுபடி படித்தேன். முன்பு கண்ணை ஓட்டிவிட்டுப் போன ஒரு குறிப்பு இப்போது நிறுத்தியது. டிசம்பர் 9இல், 15ஆம் பதிவின் முதல் முக்கால் பங்கையும் 24ஆம் பதிவின் கடைசிக் கால் பங்கையும் சேர்த்திருக்கிறார்கள். அதைக் கலந்து இறக்கியதுதான் 25ஆம் எண். ஜார்ஜ் ஹாரிசனின் ஸ்வர்மண்டல் அதன் மேல்தான் பதிவானது. ஒட்டுக்குப் பிந்திய பகுதியில் சரசரவென்று இறங்கிவரும் அந்தத் தந்தியொலியை முதல் நிமிடத்தில் எங்கும் கேட்க முடியாது. டிசம்பர் 15இல் நான்கு டிரம்பெட்டுகளும் மூன்று செல்லோக்களும் வந்து சேர்ந்ததும், ஏற்கெனவே வெட்டி ஒட்டியிருந்த அந்த இசையின் மேல்தான்.