பனிப்பொழிவு அற்றுப்போகும் என்ற கணிப்புகள்

பருவநிலை மாற்றத்தால் பனிப்பொழிவோ பனியாறுகளோ இன்ன ஆண்டுக்குள் இல்லாமல் போகும் என்று கெடு வைத்துச் சொல்லப்பட்டுப் பொய்த்துப்போன கூற்றுகள். இவற்றில் பெயர்பெற்றது பிரிட்டனில் வெளியானது.

2000 மார்ச் 20 அன்று லண்டனின் ‘தி இண்டிபெண்டன்ட்’ நாளிதழ், பனிப்பொழிவு பழங்கதையாகிவிட்டது என்ற பொருளில் ஒரு செய்திக்குத் தலைப்பிட்டது. சில ஆண்டுகளில் குளிர்காலப் பனி மிக அரிதாகிவிடும், பனி என்றால் என்னவென்றே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும் என்று கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த டேவிட் வைனர் அதில் கூறியிருந்தார். ஹாம்லீஸ் பொம்மைக் கடையில் பனிச்சறுக்கு வண்டிகள் காட்சிக்கு இல்லை என்பதையும் அச்செய்தி சொன்னது. கடைச் சரக்கை வைத்துக் காலநிலையை அளந்த துணிச்சல் அது!

2009 பிப்ரவரி 2 அன்று கொட்டிய பனியில் லண்டன் பேருந்துகள் நின்றுபோயின. 2010 ஜனவரி 7 அன்று நாசாவின் டெர்ரா செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பிரிட்டன் தீவு ஏறத்தாழ முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஆண்டின் டிசம்பரைப் போலக் குளிரான டிசம்பரை நடு இங்கிலாந்து 1890-க்குப் பிறகு கண்டதில்லை. ஹீத்ரோ விமான நிலையமும் முடங்கியது. அட்லாண்டிக்கிலிருந்து வீசும் மேலைக்காற்று தளர, ஆர்க்டிக் காற்று தெற்கே இறங்கியதுதான் காரணம். பல பத்தாண்டுகளின் சராசரி வெப்பம் கூடினாலும், இத்தகைய குளிர்காலங்கள் இடையிடையே வரவே செய்யும்.

வைனரும் இதை அறியாதவர் அல்லர். எப்போதாவது கடும்பனி திரும்பும், இருபது ஆண்டுகள் கழித்து வந்தால் நாடு தயாரில்லாமல் திண்டாடும் என்று அதே செய்தியில் எச்சரித்திருந்தார். அவரது கணிப்பைக் கேலி செய்வோர் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை. தலைப்பு போட்டவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2007 அறிக்கையில் எழுதியது இதைவிடப் பெரிய சறுக்கல். அதற்கு முறையான ஆய்வுச் சான்று இல்லை. 2010 ஜனவரியில் குழு பிழையை ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்கா, தன் பனியாறுகள் 2020-க்குள் மறைந்துவிடும் என்று அறிவிப்புப் பலகைகள் வைத்திருந்தது. பிறகு அந்த வாசகம் மாற்றப்பட்டது. பலகையில் இருந்த ஆண்டு தவறு, உருகுதல் தவறன்று. 1966-இல் அங்கே 35 பனியாறுகள் இருந்தன. 2015-இல் பனியாறு எனக் கணக்கில் கொள்ளும் அளவுக்குப் பரப்பு மிஞ்சியிருந்தவை 26.